பயிற்சி ஆசிரியர்களே, வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுத்தரப் பழகுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளுக்கு வேலைக்கு வரப்போகும் பயிற்சி ஆசிரியர்களுக்கு உங்கள் நாளிதழ் வழியாகச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம். எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்து ஆசிரியர் பயிற்சிக்குப் போகிறார்கள். பக்கத்தில் உலு கிந்தாவில் ஈப்போ ஆசிரியர் கல்விக் கழகம் இருக்கிறது. சிலருக்குச் சுங்கைப் பட்டாணியிலோ சிரம்பானிலோ தஞ்சோங் மாலிமிலோ இடம் கிடைக்கிறது. கல்விக் கழகத்தில் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள், அதற்கு முன் ஆயத்தப் படிப்பு ஓராண்டு. உளவியலும் மொழியியலும் பயிற்றியலும் படித்துத் தேறி வருகிறவர்கள், முதலாம் ஆண்டு வகுப்பில் நுழைந்ததும் ஓர் இடத்தில் திணறுகிறார்கள். எழுத்தே தெரியாத பிள்ளையை வாசிக்க வைப்பதுதான் அந்த இடம்.

மற்றக் குறைகள் வேலையில் சேர்ந்த பிறகு சரியாகிவிடும். கோப்பு அடுக்குவதையும் இணையத்தில் வருகை பதிவதையும் சக ஆசிரியர்கள் ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். தொடக்க வாசிப்பைக் கற்பிக்கும் திறம் அப்படி வந்துவிடாது. அது வராத ஆசிரியரிடம் ஓராண்டு இருக்கும் பிள்ளை, அடுத்த ஆண்டு கணிதக் கேள்வியையும் அறிவியல் கேள்வியையும் படிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும். நம் பள்ளிகளில் அந்தப் பாடங்களும் பெரும்பாலும் தமிழில்தானே நடக்கின்றன! ஆகவே இதைப் பற்றியே அதிகம் எழுதுகிறோம்.

பாலர் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளில் பலர் ‘அ, ஆ, இ, ஈ’ என்று பன்னிரண்டு உயிரையும் தடையின்றிச் சொல்வார்கள். அதைக் கேட்டு, எழுத்து தெரியும் என்று முடிவு செய்துவிடாதீர்கள். அவர்கள் மனப்பாடமாக வைத்திருப்பது வரிசையை. ‘ஏ’ எழுத்தைத் தனியே காட்டினால், வாய்க்குள் ‘அ’விலிருந்து சொல்லிக்கொண்டு வந்த பிறகே பதில் வரும். எனவே எழுத்துகளைக் கலைத்துப் போட்டுக் கேட்க வேண்டும். பார்த்தவுடன் ஒலி வந்தால் தெரியும் என்று குறியுங்கள். யோசித்துச் சொன்னால் அது இன்னும் ஊன்றவில்லை. சொல்லை வாசிக்கும்போது யோசிக்க நேரம் கிடைக்காது என்பதால் இந்த வேறுபாடு முக்கியம்.

247 எழுத்தையும் நெடுங்கணக்கு வரிசையில் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போக வேண்டும் என்று நினைப்பது பரவலான தவறு. அப்படிப் போனால் பிள்ளை தன் முதல் சொல்லை வாசிக்கப் பல மாதம் ஆகும். கோடுகளால் ஆன ட, ப, ம மூன்றையும் புள்ளியோடும் புள்ளி இல்லாமலும் பழக்கினால் முதல் வாரத்திலேயே ‘படம்’, ‘பட்டம்’ இரண்டையும் பிள்ளை வாசித்துவிடும். க, ர, ல சேர்ந்ததும் ‘மரம்’, ‘கல்’, ‘பல்’, ‘கடல்’, ‘கப்பல்’ வரும். ஆறே எழுத்துகளில் ஒரு சிறு அட்டைக் கட்டு வாசிக்கக் கிடைத்துவிடுகிறது. தான் வாசிக்கிறோம் என்று பிள்ளைக்கு முதல் மாதத்திலேயே தெரிய வேண்டும்.

புள்ளியைத் தொடக்கத்திலேயே அழுத்தமாகப் பழக்குங்கள். ‘பட்டம்’ என்ற சொல்லை ‘படடம’ என்று வாசிக்கும் பிள்ளைக்கு எழுத்து தெரியும், புள்ளி கண்ணில் படவில்லை. முதல் சில வாரம் அட்டைகளில் புள்ளியை மட்டும் சிவப்பு மையில் பெரிதாக வையுங்கள். பிறகு அளவைக் குறைத்து, கடைசியில் கறுப்பாக்குங்கள். வெகுநாள் சிவப்பிலேயே விட்டால் பாடநூலில் உள்ள கறுப்புப் புள்ளியைப் பிள்ளை மறுபடியும் தவறவிடும்.

அடுத்த தடை கொம்பு. ‘கெ’ எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்க்கப் பழகிய பிள்ளைக்கு இது பெருங்குழப்பம். ‘கொ’வில் இரு பக்கமும் குறி நிற்கும். ‘கௌ’வின் கடைசிக் குறி ‘ள’ போலவே தெரியும். ஆகவே கா, கி, கீ என்ற மூன்று வரிசைகளும் எல்லா மெய்களோடும் கைவந்த பிறகே கெ, கே, கை வரிசைகளைத் தொடங்குங்கள். அவை ஊன்றிய பிறகு கொ, கோ. ஔகாரத்துக்கு எனத் தனியாக நாள் செலவிட வேண்டியதில்லை. ‘கௌதாரி’, ‘மௌனம்’ என்று சொல் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். கொம்புள்ள எழுத்தை வாசிக்கும்போது ஒரு விரலால் கொம்பையும் எழுத்தையும் சேர்த்து மூடித் திறக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே எழுத்து என்பது அப்படித்தான் கண்ணில் பதியும்.

உகர வரிசைக்குத் தனிக் கவனம் தேவை. மற்ற வரிசைகளில் குறி ஒன்றுபோல வரும், உகரத்திலும் ஊகாரத்திலும் எழுத்துக்கு எழுத்து உரு மாறும். கு, சு, டு, து என்று நெடுங்கணக்கு வரிசையில் சொல்லிக்கொடுத்தால் வடிவம் மாறி மாறி வருவதால் பிள்ளைக்கு எந்த ஒழுங்கும் பிடிபடாது. வடிவத்தை வைத்துக் கூட்டுங்கள். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம். சு, பு, யு, வு இன்னொரு கூட்டம். து, நு, லு, று, னு, ணு மூன்றாவது. ஒரு வாரத்துக்கு ஒரு கூட்டம் போதும். ஊகாரத்தில் ‘கூ’ மட்டும் தனித்து நிற்பதால் அதைச் சொல்லோடு சேர்த்தே காட்டுங்கள்: கூடை, கூடு.

ல, ள, ழ மூன்றையும் ஒரே பாடத்தில் அறிமுகம் செய்யாதீர்கள். மயங்கும் எழுத்துகள் ஒரே நாளில் சேர்ந்து வந்தால் அவை மயங்கியபடியே மனத்தில் தங்கும். ‘ல’ நன்றாகப் பதிந்து சில வாரம் கழித்து ‘ள’, அதன் பிறகு ‘ழ’. ர-ற, ன-ண இணைகளுக்கும் இதுவே முறை. இங்கே பயிற்சி ஆசிரியரின் சொந்த உச்சரிப்பும் சோதனைக்கு வருகிறது. கைப்பேசியில் ஒரு பத்தியை வாசித்துப் பதிவு செய்து, ழகரமும் ளகரமும் வேறுபட்டு ஒலிக்கின்றனவா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் வாயில் வராத ழகரம் வகுப்பில் ஒருவர் வாயிலும் வராது.

எழுத்து ஒன்று, ஒலி பல என்பதும் நம் மொழியின் இயல்பு. ‘கடல்’, ‘மகன்’, ‘தங்கம்’ மூன்றிலும் ‘க’ வேறு வேறாக ஒலிக்கிறது. ‘பம்பரம்’ சொல்லில் முதல் பகரமும் இரண்டாம் பகரமும் ஒன்றல்ல. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை இதைத் தானாகச் சரி செய்துகொள்ளும். வீட்டில் மலாயோ ஆங்கிலமோ மிகுதியாகப் பேசும் பிள்ளை எழுத்து எழுத்தாக வன்மையாகவே சொல்லும். விதி சொல்லி விளக்க வேண்டாம். சொல்லை முழுதாக நீங்கள் சொல்லி, பிள்ளையைத் திருப்பிச் சொல்ல வைத்து, அதன் பிறகு எழுத்தைக் காட்டுங்கள்.

இதையெல்லாம் நடத்துவதற்கு முன், எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்பது தெரிய வேண்டும். அதற்கு ஒரு தாள் போதும், அதைக் கல்லூரியில் இருக்கும்போதே தயாரித்துவிடலாம். முதல் கட்டத்தில் 12 உயிரும் 18 மெய்யும் கலைத்து அச்சடிக்கப்பட்டிருக்கட்டும். இரண்டாவதில் எல்லா வரிசையிலிருந்தும் பொறுக்கிய 20 உயிர்மெய். மூன்றாவதில் ‘கண்’, ‘மரம்’, ‘படம்’ போன்ற 10 எளிய சொற்கள். நான்காவதில் ‘தக்காளி’, ‘கொக்கு’, ‘பேருந்து’ போன்ற 10 சொற்கள். கடைசியில் ஐந்து வாக்கியம் கொண்ட சிறு பத்தி, அதில் இரண்டு கேள்வி. பிள்ளையை அருகில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லி, தடுமாறும் எழுத்தை உங்கள் தாளில் வட்டமிடுங்கள். ஒரு கட்டத்தில் பாதிக்கு மேல் தவறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் கேட்பது பிள்ளையைக் கலங்கடிக்கும், உங்களுக்கும் புதிதாக ஒன்றும் தெரியவராது. சோதிக்கும்போது திருத்தக் கூடாது. மற்றப் பிள்ளைகள் காதில் விழும்படி வாசிக்க வைக்கவே கூடாது.

ஒரு பிள்ளைக்கு ஆறேழு நிமிடம் ஆகும். 20 பேர் உள்ள வகுப்பில் நாளுக்கு நான்கு பேராகப் பார்த்தால் ஒரு பள்ளி வாரத்தில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் மற்றவர்களுக்கு வண்ணம் தீட்டல், கோட்டைப் பின்பற்றி எழுதுதல் என்று விளக்கம் தேவைப்படாத வேலையைக் கொடுத்திருக்க வேண்டும். முடிவுகளை ஒரே அட்டவணையில் பெயர் வாரியாக எழுதினால் குழுக்கள் தாமாகவே பிரிந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே தாளை வேறு சொற்களோடு நடத்துங்கள்.

தாளைத் தயாரித்தால் போதாது, பழக வேண்டும். விடுமுறையில் உறவுக்காரப் பிள்ளைகள், கோயில் தேவார வகுப்புக்கு வரும் பிள்ளைகள் என்று பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு ஒரு பத்துப் பேரிடம் நடத்திப் பாருங்கள். பத்துப் பேரைப் பார்த்துவிட்டால், பிள்ளை எந்த இடத்தில் ஏன் நின்றது என்பது முகத்தைப் பார்த்தே விளங்கத் தொடங்கும். பயிற்றுப்பணிக்கு, அதாவது கற்பித்தல் பயிற்சிக்கு, போகும் பள்ளியில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியே கற்பிக்கும் குறைநீக்கல் ஆசிரியர் இருந்தால், ஓய்வுப் பாடவேளைகளில் அவர் வகுப்பில் போய் உட்காருங்கள். ஒரு பருவப் பாடத்தில் கிடைக்காதது அங்கே கிடைக்கும். எவ்வளவு முயன்றும் ஒரு பிள்ளை முன்னேறவில்லை என்றால் முதலில் கண்ணையும் காதையும் சந்தேகியுங்கள். நூலை முகத்தருகே கொண்டுபோகிறதா? பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறதா? டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு என்று நீங்களாகவே பெயர் சூட்டாதீர்கள். பார்த்ததைத் தேதியோடு எழுதி, குறைநீக்கல் ஆசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் கொடுங்கள். மருத்துவரிடம் அனுப்பும் வழியை அவர்கள் சொல்வார்கள்.

2027ஆம் ஆண்டிலிருந்து புதிய கலைத்திட்டம் முதலாம் ஆண்டில் தொடங்கும் என்று கல்வி அமைச்சு அறிவித்திருப்பதால், இப்போதுள்ள ஆவணத்தை மனப்பாடம் செய்து என்ன பயன் என்று சில மாணவர்கள் கேட்கிறார்கள். கலைத்திட்டம் மாறும். கொம்பும் புள்ளியும் உகர வரிசையும் மாறப்போவதில்லை. இந்தப் பயிற்சி எந்தக் கலைத்திட்டத்துக்கும் உதவும்.

வாசிப்புக்கு அடுத்தபடியாகப் புதியவர்களை வாட்டுவது வகுப்பை நடத்தும் முறை. பாடவேளை ஒன்று 30 நிமிடம். பயிற்சி நூல்களை எடுத்துக் கொடுக்க ஏழு நிமிடமும் அமைதிப்படுத்த ஐந்து நிமிடமும் போனால் பாடத்துக்கு மிஞ்சுவது 18. முதல் நாளிலேயே பாடத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்ற அவசரம்தான் இதற்குக் காரணம். விதியை ஒருமுறை வாயால் சொல்லிவிட்டால் பிள்ளைகள் கடைப்பிடிப்பார்கள் என்று நினைக்கிறார்கள். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்குச் செய்து பழகினால்தான் வரும். வரிசையில் உள்ளே வருவது, பையை மாட்டுவது, நூலை வரிசைக்கு ஒருவர் எடுத்துக் கொடுப்பது, கழிவறைக்குக் கேட்டுப் போவது, ஓய்வு நேரத்தில் கூடுதல் உணவுத் திட்டத்துச் சாப்பாட்டுக்கு வரிசை பிடிப்பது ஒவ்வொன்றையும் முதல் வாரம் நாள்தோறும் செய்து காட்டி, செய்ய வைத்து, தவறினால் திரும்பச் செய்ய வையுங்கள். அமைதிக்கு ஒரே அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், மூன்று கைத்தட்டலோ உயர்த்திய கையோ எதுவானாலும் சரி. நாளுக்கு ஒன்றாக மாற்றினால் எதற்கும் பிள்ளைகள் அடங்க மாட்டார்கள். அடையாளம் காட்டிவிட்டு வகுப்பு முழுதும் அடங்கும்வரை பேசாமல் நில்லுங்கள். பாதி பேர் பேசிக்கொண்டிருக்கும்போது தொடங்கினால், நீங்கள் பேசும்போது பேசலாம் என்பதைத்தான் அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

நாள் பாடத்திட்டம் எழுதுவதில் கல்லூரிப் பழக்கம் ஒன்று வேலையில் இடிக்கிறது. விரிவுரையாளர் பார்வையிட வரும் நாளுக்காகப் பல பக்கம் எழுதி, பாடத்தைத் தொடங்கிவைக்கும் பீடிகைக்கே பத்து நிமிட நாடகம் போடுகிறார்கள். வேலையில் நாளுக்கு ஐந்தாறு பாடவேளை இருக்கும், அப்படி எழுத நேரமிருக்காது. ஒரு பக்கத்துக்குள் எழுதப் பழகுங்கள். 30 நிமிடப் பாடத்தில் பீடிகை 3 நிமிடம், விளக்கம் 8, கூட்டுப் பயிற்சி 7, தனி எழுத்து வேலை 9, முடிவு 3 என்று பிரித்தால் பிள்ளைகள் எழுதியதைச் சுற்றிப் பார்க்கவும் இடம் கிடைக்கும். நோக்கத்தை எண்ணிப் பார்க்கும்படி எழுதுங்கள். ‘மாணவர்கள் லகர, ளகரச் சொற்களை அறிவர்’ என்றால் அறிந்தார்களா என்று யார் சொல்வது? ‘10 சொற்களுள் எட்டைச் சரியாக உச்சரிப்பர்’ என்று எழுதினால் பாட முடிவில் உங்களுக்கே தெரிந்துவிடும். பாடம் முடிந்ததும் எழுதும் சிந்தனை மீட்சியில் ‘இன்றைய பாடம் வெற்றி’ என்று எழுதுவதை விடுங்கள். எட்டுச் சொல்லை எட்டாத பிள்ளைகளின் பெயரையும் அவர்களுக்கு நாளை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் எழுதினால் அதுவே வகுப்புசார் மதிப்பீட்டுக்கு ஆதாரமாகும். ஆறாம் ஆண்டு முடிவில் நடந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு இந்தப் பதிவுகளுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. ஒன்றிலிருந்து ஆறு வரை உள்ள அடைவு நிலையை ஆண்டிறுதியில் ஊகித்துப் போடுகிறவரிடம் பெற்றோர் காரணம் கேட்டால் பதில் இருக்காது.

வெண்பலகையில் எழுதும் கை குறைந்துகொண்டே வருகிறது. எல்லாவற்றையும் திரையில் காட்டிப் பழகியவர்கள், மின்சாரம் போன நாளில் தவிக்கிறார்கள். கடைசி வரிசைக்குத் தெரிய எழுத்து குறைந்தது 5 செ.மீ. உயரம் வேண்டும். கறுப்பிலோ நீலத்திலோ எழுதுங்கள். சிவப்பு தூரத்துக்கு மங்கும். எழுத்தின் சுழியும் கோடும் தொடங்கும் இடத்தைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பதால் பலகையை உடம்பால் மறைக்காமல், பக்கவாட்டில் நின்று எழுதும் பயிற்சி தேவை. காலியாக உள்ள விரிவுரை அறையில் மாலையில் கால் மணி நேரம் எழுதினால் ஒரு பருவத்தில் கை திருந்திவிடும்.

பயிற்றுத் துணைப்பொருளில் அழகைவிட உழைப்புத் தாங்கும் தன்மையைப் பாருங்கள். பார்வையிடும் நாளுக்காகச் செய்த பெரிய மணிலா அட்டைப் படங்கள் ஒருமுறைக்குப் பிறகு அலமாரிக்கு மேலே போய்விடுகின்றன. 18 மெய் அட்டையும், உயிர்க்குறிகள் எழுதிய பட்டைகளும், சுமார் 100 சொல்லட்டைகளும் பிளாஸ்டிக் உறையிட்டு வைத்திருந்தால் பல ஆண்டு உழைக்கும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூரான மூலைதான் முதலில் பிரியும். கணிதத்துக்கு ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பட்டையில் கட்டி 100 வரை தயார் செய்யுங்கள். முதலாம் ஆண்டில் எண் 100 வரைதான். கட்டைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக்கிக் கழிப்பதைக் கையால் செய்த பிள்ளைக்கு இடமதிப்பு விளங்கும்.

நீங்கள் தமிழ்மொழி ஆசிரியராகப் பயின்றாலும் கணிதம், நன்னெறி, உடற்கல்வி, கலைக்கல்வி என்று எது வேண்டுமானாலும் அட்டவணையில் வரும். சிறிய பள்ளிகளில் இது நிச்சயம். கலைச்சொற்களைத் தமிழில் இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னத்தையும் தசமத்தையும் ஆங்கிலத்தில் படித்தவர்கள் பகுதி, தொகுதி என்று சொல்ல வகுப்பிலே தடுமாறக் கூடாது. சில பள்ளிகளில் இருமொழித் திட்டத்தின் கீழ்க் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன என்பதையும் மனத்தில் வையுங்கள்.

சிறிய பள்ளி என்றதும் எங்கள் வட்டாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பின்னாளில் அமைச்சரான துன் சம்பந்தன் முன்னின்று எழுப்பி 1954இல் திறக்கப்பட்ட மகாத்மா காந்தி கலாசாலை பட்டணத்தில் பெரிய பள்ளியாக இருக்கிறது. சுற்றியுள்ள தோட்டங்களில் நிலைமை வேறு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, குடும்பங்கள் பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தன, பிள்ளைகள் குறைந்தார்கள். 150 பேர் அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் குறைந்த மாணவர் பள்ளி என்று அமைச்சு வகைப்படுத்துகிறது. அதில் மிகச் சிறியவற்றில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் வைத்துக் கூட்டு வகுப்பு நடத்த வேண்டிவரும். நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் பெரும் பங்கு இப்படிச் சிறியவைதாம். ஆனாலும் பயிற்சி மாணவர்கள் பலர் பயிற்றுப்பணிக்குப் பட்டணத்துப் பெரிய பள்ளியையே விரும்பிக் கேட்கிறார்கள். தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கிடைத்தால் ஒருமுறையாவது தோட்டப் பள்ளிக்குப் போய்விட்டு வாருங்கள்.

கூட்டு வகுப்பின் நுட்பம் தொடக்கத்தை மாற்றி வைப்பதில் இருக்கிறது. இரு பிரிவுக்கும் ஒரே நேரத்தில் விளக்கம் தரமுடியாது. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் வந்தவுடன் எடுத்துச் செய்யக்கூடிய வேலை மேசையிலேயே காத்திருக்க வேண்டும். அவர்கள் அதைச் செய்யும் 10 நிமிடத்தில் மூன்றாம் ஆண்டுக்குப் பாடம் நடத்திவிட்டு, அவர்களை எழுத்து வேலையில் உட்கார வைத்து, இந்தப் பக்கம் வர வேண்டும். அந்த வேலை பார்த்து எழுதுதலாகவே இருந்தால் பிள்ளை கற்பது ஒன்றுமில்லை. முந்தின நாள் படித்த சொற்களை வைத்து வாக்கியம் அமைத்தல், இணையர் இருவர் மாறி மாறி வாசித்தல், விடையட்டையோடு கூடிய கணக்கு என்று தாமே சரிபார்க்கக்கூடியதாக இருக்கட்டும். இப்படி 20 வேலைகளைக் கல்லூரியிலேயே தயாரித்து உறையில் போட்டு வைத்தால் முதல் இரண்டு மாதம் தாங்கும்.

இத்தகைய பள்ளியில் ஆசிரியர் எண்ணிக்கை குறைவு, பொறுப்புகள் அதே அளவு. நூல்நிலையம், பாடநூல் இரவல், விளையாட்டு, சீருடை இயக்கம், பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர் வேலை என்று நான்கைந்து உங்கள் பெயரில் வரும். மலாயில் அதிகாரப்பூர்வக் கடிதமும் கூட்டக் குறிப்பும் பிழையில்லாமல் எழுதும் திறம் அப்போது பெரிதும் கைகொடுக்கும். பெற்றோரிடம் எந்தப் பணம் வாங்கினாலும் பள்ளி ரசீதோடுதான் வாங்க வேண்டும். சொந்த வங்கிக் கணக்கில் போடச் சொல்வது, நல்ல எண்ணத்தில் செய்தாலும், வேலைக்கே உலை வைக்கும்.

ஒழுங்கு விசயத்தில் சட்டம் தெரியாமல் வகுப்புக்குள் போகாதீர்கள். பிரம்படி தண்டனை 1959ஆம் ஆண்டுப் பள்ளி ஒழுங்கு விதிகளின்படி தலைமையாசிரியரின் அதிகாரம், அல்லது அவர் அதிகாரம் அளித்தவருடையது. பெண் பிள்ளைகளுக்குப் பிரம்படியே கிடையாது. புது ஆசிரியர் கையில் பிரம்பு இருக்கக் கூடாது, காதைத் திருகுவதும் தலையில் குட்டுவதும் கூடவே கூடாது. ஒரு பிள்ளையின் உடலில் காயமோ, பேச்சில் அச்சமோ, பாலியல் கொடுமைக்கான அறிகுறியோ தெரிந்தால் அன்றே தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் தெரிவியுங்கள். சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில், தெரிந்தும் தகவல் தராமல் இருப்பதே குற்றம். பிள்ளையைத் தோண்டித் துருவி விசாரிப்பது உங்கள் வேலை அல்ல. அது சொன்னதை அதன் சொற்களிலேயே குறித்துக்கொடுத்தால் போதும்.

பெற்றோரிடம் பேசவும் பழக வேண்டும். தோட்டத்தில் காலை ஐந்தரைக்குப் பெரட்டுக்கு, அதாவது வேலையாள் கணக்கெடுப்புக்கு, போகும் அம்மாவைப் பத்து மணிக்குப் பள்ளிக்கு வரச் சொன்னால் ஒரு நாள் கூலி போய்விடும். மாலையில் அழையுங்கள். முதல் அழைப்பு குறை சொல்வதாக இருக்க வேண்டாம். பள்ளி தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல செய்தி போகட்டும், பிறகு சிக்கல் வரும்போது அவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். அப்பாவை ‘ஐயா’ என்றும் அம்மாவை ‘அம்மா’ என்றும் அழையுங்கள். 23 வயது ஆசிரியர் பாட்டி ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இங்கே எடுபடாது.

மற்றவை சுருக்கமாக. கார் உரிமம், முடிந்தால் மோட்டார் சைக்கிளுக்கான பி2 உரிமமும் படிக்கும்போதே எடுத்துவிடுங்கள். தோட்டப் பள்ளிக்குப் பேருந்து போகாது. மழைக்காலத்தில் செம்மண் பாதையில் சிறிய மோட்டாரும் சறுக்கும். பணி ஆணை எந்த மாநிலத்துக்கு வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. முதல் சம்பளம் பதிவு வேலைகளால் தள்ளிப் போகக்கூடும் என்பதால் மூன்று மாத வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சேமிப்பு இருக்க வேண்டும். கல்விச் சேவை ஆணையத்தின் நேர்முகத் தேர்வுக்கு 1988ஆம் ஆண்டுத் தேசியக் கல்வித் தத்துவத்தையும் 1970ஆம் ஆண்டு ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாட்டையும் ஒப்பித்தால் போதாது. அவை உங்கள் வகுப்பில் எப்படி நடைமுறைக்கு வரும் என்று மலாயில் இரண்டு நிமிடம் தடையின்றிப் பேசிப் பழகுங்கள்.

தலைமையாசிரியர்களிடமும் விரிவுரையாளர்களிடமும் எங்கள் வேண்டுகோள் இது. வகுப்புப் பார்க்க வரும் பயிற்சி மாணவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துக் குறிப்பெடுக்கச் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். வாசிக்கத் திணறும் மூன்று பிள்ளைகளை அவரிடம் ஒப்படைத்து, நாளுக்கு 20 நிமிடம், இரண்டு வாரம் கற்பிக்க விடுங்கள். பார்வையிட வரும் விரிவுரையாளர் மணிலா அட்டையின் அழகுக்கு முன் அந்த மூன்று பிள்ளைகளின் வாசிப்புத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. வகுப்புப் பழக்கங்கள் அமைவது அந்த முதல் இரண்டு வாரத்தில்தான். கல்லூரி விடுமுறை அந்த நாள்களோடு ஒத்துவரும் மாணவர்கள், உதவிக்கு வர விரும்புவதாகத் தலைமையாசிரியருக்கு நவம்பர் முடிவதற்குள் கடிதம் கொடுங்கள். கல்லூரியின் ஒப்புதல் கடிதத்தையும் அதோடு இணையுங்கள். டிசம்பரில் கால அட்டவணை போடும்போதே முதலாம் ஆண்டு வகுப்பில் உங்களுக்கு இடம் ஒதுக்க அது போதும்.

இப்படிக்கு,
தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேரா.